வலது கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் பெண் சாப்பாட்டு மேஜையில் போனை ஒரு டம்ளர் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு கண் வரைந்துகொண்டிருந்தாள். ஒரே ஒரு கண். நிஜக் கண் மாதிரியே வரைவது எப்படி என்று போனுக்குள் யாரோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் தெரியவில்லை, கை மட்டும்தான். வட்டம் போடு, நடுவில் கருப்பு அடி, ஓரத்தைப் பஞ்சால் தேய், இமை முடியை அடியில் அழுத்தி நுனியில் விட்டுவிடு. நான் மோர்மிளகாய் வறுத்துக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசியில் அவள் வெள்ளை ஜெல் பேனாவை எடுத்து, கருவிழியின் மேலோரத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

"அம்மா, இங்க வந்து பாரேன். இத வெச்சதும் உயிர் வந்துடுத்து!"

வந்திருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் மூடினேன். மாடிக்குப் போய்க் காயாத துணியை எடுத்துக்கொண்டு வந்து, மறுபடி கொண்டுபோய்ப் போட்டேன். மிளகாய் கருகிப்போய் கே.கே. நகர் முழுக்க இருமியிருக்கும். அன்றைக்கு முழுவதும் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒன்றே முக்கால் வருஷம் நான் கண் வரைந்து சம்பளம் வாங்கினவள். சிரிக்காதீர்கள். திருச்சி ஜங்ஷன் பக்கத்தில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அதன் இரண்டாவது மாடியில் 'செயற்கைக் கண் பிரிவு' என்று பெரிய போர்டு போட்ட சின்ன அறை. ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல், கிரைண்டர் மாதிரி சத்தம் போடும் பாலிஷ் மெஷின். எனக்கு முன்னால் இருந்தவர் சென்னைக்குப் போய்விட்டார். படம் வரையத் தெரிந்த ஆள் தேவை என்று விளம்பரம் பார்த்துப் போனேன். பெரிய டாக்டர் ஒரு தாளைத் தள்ளி, "ஒரு கண்ணு வரைம்மா" என்றார். ஸ்கூலில் எனக்குப் பரிசு வாங்கித் தந்ததே அதுதான். வரைந்தேன். மேலோரத்தில் ஒரு புள்ளி விட்டேன். வேலை கிடைத்தது.

கண்ணை இழந்தவர்களுக்குக் கோலிக்குண்டு மாதிரி ஒன்றை உள்ளே வைப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சிப்பி மாதிரி ஒரு மெல்லிய ஓடு. வெள்ளையாக இருக்கும். அதன் நடுவில் பதிக்கிற சின்ன வில்லையில்தான் கருவிழியை வரைய வேண்டும். நரம்புகளுக்குச் சிவப்புப் பட்டு நூல். பெரிய கடைவீதியில் எம்பிராய்டரி நூல் வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்து முடியைவிட மெல்லிய இழையாக்கி வெள்ளையின் மேல் ஒட்டுவேன். எல்லாம் முடிந்ததும் கண்ணாடி போல ஒரு அடுக்கை மேலே ஊற்றி வேகவைத்து மூடிவிடுவார்கள். மூடியபிறகு உள்ளே எதையும் மாற்ற முடியாது. அந்தத் திரவத்துக்கு மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை உண்டு. பல் செட்டுக்கும் அதே சரக்குதான் போலிருக்கிறது. இன்றைக்கும் பல் டாக்டரிடம் போனால் பல்லை மறந்துவிட்டுக் கண் ஞாபகத்தில் உட்கார்ந்திருப்பேன்.

வீட்டுக்கும் அந்த வாடையோடுதான் போவேன். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வாடகைக்கு இருந்தோம். அம்மா வாசலிலேயே மறித்துவிடுவாள். "அங்கயே நில்லு. ஊர்ல இருக்கறவா கண்ணையெல்லாம் தொட்டுட்டு வந்திருக்க. தீர்த்தமாடிட்டு உள்ள வா." குளித்துவிட்டு வந்தால் சூடாகச் சாத்தமுது, அதாவது ரசம், கிடைக்கும். அதோடு சரி. ஒரு நாளும் வேலையை விடு என்று சொன்னதில்லை.

வேலையின் விசித்திரம் என்னவென்றால், வருகிறவர் நாற்காலியில், நான் ஸ்டூலில், முட்டி முட்டியைத் தொடும். மிச்சமிருக்கும் நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் மற்றதை வரைய வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரின் கண்ணை இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பது. நம் ஊரில் யாருடைய கண்ணும் கருப்பு இல்லை, தெரியுமா? காப்பிப் பொடி, புளிக்கரைசல், வெல்லப்பாகு, ஓரத்தில் ஒரு சாம்பல் வளையம், சிலருக்கு நடுவில் பாசிப் பச்சை. இதையே பார்த்துப் பழகி எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டால் அவர் கண்ணில் எவ்வளவு மஞ்சள் கலக்க வேண்டும் என்று கணக்குப் போடுவேன். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு மன்னார்குடி வரனைத் தலை நிமிர்ந்து நன்றாக உற்றுப் பார்த்து வைத்தேன். பெண் ரொம்பத் துணிச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு இப்போது அவர் பெயர் மறந்துவிட்டது. கண் ஞாபகமிருக்கிறது, இரண்டு கண்ணும் ஒரே நிறமில்லை.

ஜமீலாம்மா வந்தது நான் சேர்ந்த ஏழாவது எட்டாவது மாசத்தில். தென்னூர்க்காரர். ஐம்பது வயது இருக்கும். விறகு பிளக்கும்போது சிராய் தெறித்து வலது கண்ணில் பட்டிருக்கிறது. கண்ணைக் கழுவி, எதையோ விட்டு, நாலு நாள் தள்ளிப்போட்டு வந்ததில் புண் முற்றிக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. ஆறு மாசமாகக் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஏம்மா, பாத்தா தெரியக் கூடாது. எங்க ரஃபீக் வெள்ளிக்கெழம வரான். அவனுக்கு இது தெரியாது."

ரஃபீக் அவருடைய மகன். அப்பா இறந்தபிறகு வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காகப் போனவன், இரண்டு வருஷம் கழித்துத் தங்கை ஷபானாவின் நிக்காஹுக்கு வருகிறான். கண் போனதை அவனிடம் சொல்லவே இல்லை, உறவுக்காரர்கள் வாயையும் கட்டிப்போட்டிருந்தார். அப்போதெல்லாம் போன் கார்டைச் சுரண்டி நம்பர் போட்டுப் பேசுகிற காலம். குரல் மட்டும்தான் போகும், முகம் போகாது. ஆறு மாசம் அந்தக் குரலில் ஒரு சின்ன மாற்றம்கூடத் தெரியாமல் பேசியிருக்கிறார் அந்த அம்மா.

"சொன்னா அன்னிக்கே வேலய உட்டுட்டு ஓடியாந்துருவான். வந்து என்ன செய்வான், உக்காந்து அழுவான். தங்கச்சி கல்யாணத்துல அவன் சிரிச்சுக்கிட்டு நிக்கணும். முடிஞ்ச பொறவு நானே சொல்லிக்கறேன்."

அவருடைய கண் மிக அழகானது. கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்த நிறம். நான் மூன்று மணி நேரம் வரைந்தேன். வரையும்போது ஷபானாவின் மாப்பிள்ளை வீட்டைப் பற்றியும், ரஃபீக் சின்ன வயதில் மார்க்கெட்டில் தொலைந்துபோய் ஆட்டுக்குட்டியோடு திரும்பி வந்ததைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். வரைந்த வில்லையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். மேலே கண்ணாடி அடுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று அதில் தெரியும். விட்டேன். அப்படியே உயிரோடு பார்த்தது. எனக்கே புல்லரித்தது. மின்விசிறிக் காற்றில் சொட்டு காய்ந்தது. காய்ந்ததும் கண் செத்துப்போயிற்று.

அங்கேதான் தப்புப் பண்ணினேன். அந்தப் பளபளப்பு தண்ணீரால் வந்தது, மூடியபிறகு ஜன்னல் வெளிச்சமே அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஏழு மாசமாகத் தெரியும். ஆனாலும் அந்தச் செத்த கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. அதற்கு முன்னால் வரைந்ததெல்லாம் சுமார், இதுதான் என் கையின் சாதனை என்று ஒரு கர்வம் வேறு. மிக மெல்லிய பிரஷ்ஷை எடுத்தேன். மேலோரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. கடுகில் கால் பங்குகூட இருக்காது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மூடி, பாலிஷ் போட்டு, ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்துப் பொருத்தினோம். பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இதுவரைக்கும் நாம செஞ்சதுலயே இதான் பெஸ்ட்" என்றார். ஜமீலாம்மா கண்ணாடியில் பார்த்துவிட்டு என் இரண்டு கன்னத்தையும் வழித்துத் தன் நெற்றியில் விரல் முறித்தார். நான் தரையில் கால் பாவாமல் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன்.

பஸ் காவிரிப் பாலத்துக்குத் திரும்பியபோது சாயங்கால வெயில் உள்ளே விழுந்தது. எதிர் சீட்டில் கனகாம்பரம் வைத்த ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல நான் அவர் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் திரும்பத் திரும்ப அவர் கண்ணில் இருந்த ஒளிப்புள்ளி இடம் மாறியது. மேலேயிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து நடுவுக்கு. எதிரே ஒரு லாரி மறைத்தபோது இல்லாமலே போயிற்று. என் புள்ளி நகராது. வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தாலும் அது மேலோரத்திலேயே நிற்கும். இருட்டினால் நல்ல கண் மங்கிவிடும், நான் வரைந்த கண் மட்டும் மினுங்கிக்கொண்டே இருக்கும். அப்போது திருச்சியில் தினம் எத்தனை தடவை கரண்டு போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புதன்கிழமை அவர் இன்னொரு டாக்டரைக் கூட்டிவந்து என்னைக் காட்டி, இந்தப் பொண்ணுதான் என்றார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். வியாழக்கிழமையும் அப்படியே போயிற்று. சோறு இறங்கவில்லை. அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் லீவு சொல்லிவிட்டு, ரிஜிஸ்டரில் பார்த்து எழுதி வைத்திருந்த விலாசத்தை எடுத்துக்கொண்டு தென்னூருக்குப் போனேன். வெளிச்சத்துக்கு எதிரில் உட்காருங்கள், கரண்டு போனால் கருப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று காதில் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவதாகத் திட்டம்.

நான் போனபோது வாசலில் பெட்டி கட்டிய கயிறு கிடந்தது. ரஃபீக் விடியற்காலை ஃப்ளைட்டிலேயே வந்துவிட்டிருந்தான். கதவருகே என்னைப் பார்த்ததும் ஜமீலாம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. யார் இந்தப் பெண் என்று மகன் கேட்டால்? ஒரே ஒரு நொடிதான். அப்புறம் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"வாங்கம்மா வாங்க! ஏ ஷபானா, மருதாணி போடற பொண்ணு வந்துருச்சு!"

மருதாணி! எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணும், மார்கழி மாசத்துச் சிக்குக் கோலமும்தான். உள்ளே கொண்டுபோய் பாயில் உட்காரவைத்து, கையில் ஒரு கோனைக் கொடுத்துவிட்டார்கள். ஷபானாவுக்கு விஷயம் தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டினாள். கல்யாணப் பெண்ணின் உள்ளங்கையில் நான் ஏழு புள்ளிக் கோலம் போட்டேன்.

"என்னக்கா இது, வாசல்ல போடறதா?" என்று காதுக்குள் கேட்டாள்.

"இதுதான் இப்ப ஃபேஷன்" என்றேன்.

இரண்டு முழம் தள்ளி ரஃபீக். ஒல்லியாக, வெயிலில் கருத்து, ஓயாமல் பேசுகிற பையன். பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அம்மா மடியில் போட்டுக்கொண்டிருந்தான். நான் வந்த காரியத்தை எப்படிச் சொல்வது? ஜமீலாம்மாவின் பக்கம் திரும்பவே எனக்குப் பயம். அப்போது கரண்டு போயிற்று.

அது இரண்டு பக்கமும் சுவர் அணைத்த வீடு. பகல் பத்தரை மணிக்கே அறை கும்மென்று இருண்டது. கோனைப் பிடித்த என் கை நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். நினைத்தது அப்படியே நடந்திருந்தது. முகம் நிழலாகிவிட்டது, இடது கண்ணும் நிழலாகிவிட்டது, வலது கண்ணில் மட்டும் அந்தப் புள்ளி. ரஃபீக் பேச்சை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தான். போச்சு என்று நினைத்தேன்.

"ஷபானா, அம்மாவப் பாரேன்" என்றான். "வந்ததுலேர்ந்து என்னயவே பாத்துக்கிட்டு இருக்கு. முன்னயெல்லாம் கூப்ட்டா அடுப்பப் பாத்துக்கிட்டே என்னடாங்கும். இப்ப வாயத் தொறந்தா மூஞ்சிய முழுசாத் திருப்பிப் பாக்குது. கரண்டு போயும் கண்ண எடுக்கலயே."

ஒரு கண் இல்லாதவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்க்க முழு முகத்தையும் திருப்பித்தான் ஆக வேண்டும். ஷபானாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

"ரெண்டு வருசமாச்சுல்லடா" என்றார் ஜமீலாம்மா. "பாத்துக்கறேன், விடு."

அவன் சட்டென்று எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். ஐந்து நிமிஷத்தில் கரண்டு வந்துவிட்டது. கிளம்பும்போது ஜமீலாம்மா வட்டிலப்பம் இருந்த டப்பாவை எடுத்தவர், "அய்ய, இதுல முட்ட போட்ருக்கு, நீங்க சாப்ட மாட்டீங்க" என்று வைத்துவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கையில் திணித்தார். வந்த காரியத்தை நான் சொல்லவேயில்லை. பழத்தோடு பஸ் ஸ்டாப்பில் நின்றபோது எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

நிக்காஹ் முடிந்து, ரஃபீக் திரும்பிப் போய், ஒரு வாரம் கழித்து அவர் செக்கப்புக்கு வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு உறுத்தல் தாங்கவில்லை. பெரிய டாக்டர் அன்றைக்கு ஜன்னலோரம் பார்த்ததால் தப்பித்தேன், விளக்கை அணைத்துப் பார்த்தால் என் வண்டவாளம் தெரிந்துவிடும். கதவைச் சாத்திவிட்டு, தப்பு நடந்துவிட்டது, வேறு செய்து தருகிறேன் என்றேன்.

"நல்லாத்தானம்மா இருக்கு? எதுக்கு மாத்தணும்?"

இல்லை, சரியாக இருக்காது என்று அடம்பிடித்தேன். அவருக்காக என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். புள்ளி இல்லாமல், வெளிச்சம் நகர்ந்தால் பளபளப்பும் கூடவே நகர்கிற மாதிரி, எந்தக் குற்றமும் சொல்ல முடியாத ஒரு கண்ணை இரண்டே நாளில் செய்து கொடுத்தேன். பழையதை ஒரு டப்பியில் போட்டு வந்தவரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். கொடுக்கவில்லை. அவர் படியிறங்கியதும் அதைப் பாலிஷ் மெஷினில் வைத்துத் தேய்த்தேன். முதலில் கண்ணாடி அடுக்கு, அப்புறம் புள்ளி, அப்புறம் கருப்பட்டி நிறம், பட்டு நூல். வெள்ளைப் பொடியாகப் போகும்வரை தேய்த்துவிட்டு, பொடியை ஈரத்துணியால் துடைத்தேன். அப்பாடா என்று இருந்தது.

வருஷத்துக்கு ஒரு தடவை பாலிஷ் போட வர வேண்டும். அடுத்த வருஷம் ஜமீலாம்மா வந்தார். ஷபானாவுக்கு ஆண் குழந்தை, அதே கருப்பட்டிக் கண் என்றார். நான் மெஷினில் வேலையாக இருந்தேன்.

"ரஃபீக்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எங்கம்மா சொல்றது. போன்ல பேசறப்பல்லாம், அன்னிக்கு நீ என்னயப் பாத்துக்கிட்டே இருந்தியேம்மா, அத நெனச்சுக்கிட்டுத்தான் இங்க கெடக்கறேங்கறான். அது நான் பாக்கலடான்னு எப்டிச் சொல்றது?"

மெஷினை நிறுத்தினேன்.

"அந்தப் பழசு இருக்குல்ல, அத எடுத்துக் குடுங்களேன். நோம்புக்கு லீவுல வரானாம். அவன் இருக்கற வரைக்கும் அதப் போட்டுக்கறேன். போனதும் இத மாட்டிக்கறேன்."

"தேடிப் பாக்கறேம்மா" என்றேன்.

"தேடி வைங்க. அவசரமில்ல" என்றார்.

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்தபிறகு உட்கார்ந்து இன்னொன்று வரைந்து பார்த்தேன். நிறம் வந்தது. நரம்பு வந்தது. புள்ளிதான் வரவில்லை. ஒன்று வைத்தால் பூ விழுந்த கண் மாதிரி இருந்தது, இன்னொன்று தூசி விழுந்த மாதிரி. வைக்கும் முன்பே கை தயங்கிற்று. அது தப்பு என்று என் கைக்குத் தெரிந்துவிட்டிருந்தது. ஜமீலாம்மா இரண்டு தடவை ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் பண்ணினார். இரண்டு தடவையும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றே சொன்னேன். அதற்குள் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி வேலையை விட்டுவிட்டேன்.

இப்போது அந்த இரண்டாவது மாடியில் மூக்குக் கண்ணாடிக் கடை. தென்னூரில் அந்த வீடு இருந்த சந்தில் நாலு மாடி ஃப்ளாட் நிற்கிறது. கார்டைச் சுரண்டிப் பேசுவாரும் இல்லை. எந்த ஊரில் இருந்தாலும் அம்மா முகத்தைத் தினம் போனில் பார்க்கலாம், ஒன்றையும் மறைக்க முடியாது. ரஃபீக் அந்த நோன்புக்கு வந்தானா, வந்து அம்மாவின் முகத்தில் எதைத் தேடினான் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா நிச்சயம் என் வார்த்தையை நம்பி, கடைசி நாள்வரைக்கும் காத்திருந்திருப்பார். தேடிப் பார்க்கிறேன் என்று நான் சொன்ன அன்றைக்கு, அந்தக் கண் இல்லாமல் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.